அழைப்பும் ஆகாரமும்: மாத்தளை மலைத்தோட்டங்களை முன்னிறுத்திக் கிறிஸ்தவத் தமிழ் பற்றிய ஒரு திறனாய்வு

1

தமிழிற் கிறிஸ்தவ இலக்கியம் பற்றி இதுகாறும் எழுந்த ஆய்வுகளுட் பெரும்பாலானவை கொடுத்தோரை மையமாகக் கொண்டவை. வீரமாமுனிவர் அகராதி வகுத்தமையும், பேர்சிவல் பாதிரியார் ஆறுமுக நாவலரின் துணையுடன் யாழ்ப்பாணத்தில் வேதாகம மொழிபெயர்ப்பை மேற்கொண்டமையும், அச்சுக்கலையும் பாடசாலையும் உரைநடையும் மிஷனரிமார் வழியாக வளர்ந்தமையும் இலக்கிய வரலாறுகளில் விரிவாகவே பேசப்பட்டுள்ளன. அவற்றின் பெறுமதியை நாம் மறுக்கவில்லை. ஆயின், அத்தமிழைக் கேட்டவர்கள் யாவர், அவர்கள் எந்த நிலையில் நின்று அதனைக் கேட்டனர், போதகர் கையாண்ட சொற்கள் கேட்போரின் அன்றாட வழக்கில் ஏற்கெனவே எப்பொருளைச் சுமந்திருந்தன என்னும் வினாக்கள் போதிய அளவு எழுப்பப்படவில்லை. இலக்கியம் எழுதியவனோடு முடிந்துவிடுவதன்று என்பதை ஏற்றுக்கொள்வோமாயின், இவ்வினாக்களைத் தவிர்க்க இயலாது.

இக்கட்டுரை இரு கருத்துக்களை எடுத்துக்கொள்கிறது. ஒன்று, ஆன்மாவுக்கு இறைவன் அளிக்கும் உணவு. மற்றையது, இறைவன் மனிதனை அழைத்தலும் மனிதன் அதற்கு விடையிறுத்தலும். கிறிஸ்தவ பக்தி மரபில் இவ்விரண்டும் பிரிக்க முடியாதவை. அழைக்கப்பட்டவன் உண்பிக்கப்படுகிறான், உண்பிக்கப்பட்டவன் எழுந்து செல்கிறான். பிரசங்க மேடையில் இவை உருவகங்களாகவே பெரும்பாலும் கையாளப்படுகின்றன. அவ்வுருவகங்கள் இலங்கையின் மாத்தளை மாவட்டத்தில், கோப்பித் தோட்டங்களிலும் பின்னர் தேயிலை, றப்பர்த் தோட்டங்களிலும் உழைத்த தமிழரின் செவியில் விழுந்தபோது என்ன ஆயின என்பதே நமது ஆய்வுப் பொருள். அம்மக்களுட் பெரும்பாலோர் சைவ, கிராமிய வழிபாட்டு மரபினர் என்பதும், கிறிஸ்தவர் அவர்களுள் ஒரு சிறுபான்மையினரே என்பதும் நினைவில் இருத்தப்பட வேண்டியவை. எனினும் எண்ணிக்கையிற் சிறுபான்மையான ஓர் அநுபவம், ஒரு மொழிவழக்கு முழுவதையும் சோதித்துப் பார்க்கும் உரைகல்லாக அமையலாம்.

2

மாத்தளையைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழகத்தின் திருச்சி, மதுரை, சேலம், இராமநாதபுரம் முதலான பகுதிகளிலிருந்து புறப்பட்ட தொழிலாளர் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நூறு மைலுக்கு மேல் நடந்து, தம்புள்ளையைத் தாண்டி மலைநாட்டிற் கால்வைத்த இடம் மாத்தளை. வாந்திபேதியும் பசியும் காட்டுக்காய்ச்சலும் வழியில் எத்தனையோ பேரைப் பலிகொண்டன. உயிரோடு வந்து சேர்ந்தவர்களுக்கு மாத்தளை ஒரு முடிவிடமாகவும், வேறு தோட்டங்களுக்குப் பிரிந்து செல்லும் தொடக்கவிடமாகவும் இருந்தது. மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் இம்மக்களின் வழிபாட்டு வரலாற்றில் பெற்றுள்ள முதன்மை இதனோடு தொடர்புடையது. நோயைத் தருபவளும் தணிப்பவளுமான தாயை, நோய் துரத்திய பாதையின் முடிவில் வைத்து வணங்கினர் என்பது சமயவியலாளர் கவனிக்கத்தக்க செய்தி.

இவர்களை இங்கு அழைத்தது யார்? இவ்வினாவுக்குத் தோட்ட வரலாறு தரும் விடை கங்காணி என்பதாகும். ஊரில் முற்பணம் கொடுத்து ஆள் சேர்த்தவன் அவனே, வழிநடத்தியவனும் அவனே, கடன்கணக்கு எழுதியவனும் அவனே. தோட்டத்திற்கு வந்தபின் அழைப்பு நாள்தோறும் நிகழ்வதாயிற்று. விடியுமுன் தப்பு முழங்கும். லயங்களிலிருந்து எழுந்து பெரட்டுக்களத்திற்கு வந்து நிற்க வேண்டும். அங்கே பெயர் பதியப்படும், வேலை பகிரப்படும். தோட்ட வழக்கில் 'பேர்' என்னும் சொல் ஒரு நாட்கூலியையே குறிக்கலாயிற்று. குறித்த அளவு வேலை முடிக்காதவனுக்கு 'அரைப்பேர்' போடப்பட்டது. மனிதனின் அடையாளமாகிய பெயர், கணக்கேட்டில் முழுமையாகவோ பாதியாகவோ எழுதப்படும் ஓர் அலகாகச் சுருங்கியமை, தமிழ்ச் சொற்பொருள் வரலாற்றில் மிகத் துயரமான மாற்றங்களுள் ஒன்று எனலாம்.

ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்ல விரும்பியவன், தன்மீதுள்ள கடனைக் குறித்த 'துண்டு' இன்றிச் செல்ல இயலாதிருந்தது. அம்முறை 1921ஆம் ஆண்டிலேயே ஒழிக்கப்பட்டது. ஆகவே கிறிஸ்தவப் போதகர் 'தேவன் உன்னைப் பெயர்சொல்லி அழைக்கிறார்' என்ற கருத்தைத் தோட்டத்திற் சொன்னபோது, அவர் வெறுமையான நிலத்தில் விதைக்கவில்லை. அழைப்பு, பெயர் என்னும் இரு சொற்களும் அங்கே ஏற்கெனவே பயிரிடப்பட்டிருந்தன.

3

1850களின் நடுப்பகுதியில், கண்டிப் பகுதியைச் சேர்ந்த தோட்டத்துரைமார் சிலரின் முன்முயற்சியால் தமிழ்க் கூலிமிஷன் என்னும் அமைப்பு தோன்றியது. திருச்சபை மிஷன் சங்கத்தைச் சார்ந்த குருமார் அதனை மேற்பார்வை செய்தனர். ஊழியத்திற்கெனத் திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வரவழைக்கப்பட்டனர். மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களே அவர்களது களம். துரைமாரின் நன்கொடையும் அனுமதியும் இன்றி இவ்வூழியம் நடைபெற்றிருக்க முடியாது. லயத்தின் முன்னே நின்று பேசிய உபதேசியார், கேட்போரின் மொழியைப் பேசுபவர். அவர்களைப் போன்றே கடல்கடந்து வந்தவர். ஆயினும் அவரது ஊதியம் வந்த வழி தோட்ட முதலாளியின் கையினூடாகச் சென்றது. இந்த இரட்டை நிலையே அவரது போதனையின் இயல்பையும் எல்லையையும் வகுத்தது.

இவ்விடத்து வேதாகமத் தமிழைச் சிறிது நுணுகி நோக்குதல் தகும். 1871இல் நிறைவுற்ற ஐக்கிய மொழிபெயர்ப்பின் வழிவந்த வேதாகமத்தில், கர்த்தருடைய செபத்தில் அன்றாடத் தேவைக்காக வேண்டப்படுவது 'ஆகாரம்'. யோவான் நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் இயேசு தம்மை உவமித்துக் கூறுவது 'அப்பம்'. அழிந்துபோவதும் நிலைத்திருப்பதும் என வேறுபடுத்தப்படும் உணவுக்கு வழங்கப்பட்டது 'போஜனம்'. மூன்று சொற்களும் மொழிபெயர்ப்பாளரின் மதிநுட்பத்தைக் காட்டுகின்றன. அப்பத்தை முதன்மை உணவாகக் கொள்ளாத நாட்டில், அன்றாட வேண்டுதலைப் பொதுச்சொல்லாகிய ஆகாரத்தால் உணர்த்தியமை பாராட்டத்தக்கது. ஆனால் தோட்டத் தொழிலாளிக்கு வாழ்வா சாவா என்னும் பிரச்சினையாக இருந்தது சோறு. கங்காணி வழியாக வழங்கப்பட்ட அரிசி கூலியிற் கழிக்கப்பட்டது. மாதமுடிவில் அவன் கையில் எஞ்சியது, பெரும்பாலும் அரிசிக்கணக்கும் கடன்கணக்கும் போக மீதியே. ஆகாரம், அப்பம், போஜனம் என்னும் வேதச்சொற்களுக்கும், சோறு, கஞ்சி, ரொட்டி என்னும் லயத்துச் சொற்களுக்கும் இடையே ஓர் இடைவெளி இருந்தது. அவ்விடைவெளி மொழிநடை சார்ந்ததாக மட்டும் இருந்திருப்பின் நாம் அதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆன்மாவின் உணவை ஒரு சொற்றொகுதியாலும் உடலின் உணவை மற்றொரு சொற்றொகுதியாலும் பேசும் வழக்கம், இரண்டிற்கும் தொடர்பில்லை என்னும் எண்ணத்தை எளிதில் ஊட்டிவிடும் என்பதே நமது கவலை.

நற்செய்தி நூலின் அமைப்பு இவ்வெண்ணத்திற்கு இடந்தரவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. யோவான் ஆறாம் அதிகாரத்தில், முதலில் பசித்த திரளான மக்கள் வயிறார உண்பிக்கப்படுகின்றனர். மீந்த துணிக்கைகளும் சேர்த்துவைக்கப்படுகின்றன. அதன் மறுநாளே, உண்டவர்கள் தேடிவந்தபோது, அழியாத உணவு பற்றிய போதனை தொடங்குகிறது. வயிற்றுக்காகவே என்னைத் தேடுகிறீர்கள் என்னும் கண்டனத்தைச் சொல்லும் தகுதி, முதல்நாள் உணவளித்தவருக்கு உண்டு. பசியாற்றாதவர் அதே கண்டனத்தை எடுத்தாளும்போது, வாசகம் ஒன்றாக இருப்பினும் பொருள் தலைகீழாகிறது. இந்த வரிசை முறையைப் புறக்கணித்து இரண்டாம் நாளின் போதனையை மட்டும் எடுத்துரைத்தலே, மலைத்தோட்டப் பிரசங்கத்திற்கு நேரக்கூடிய பெருங்குறையாகும்.

மத்தேயு இருபதாம் அதிகாரத்தில் வரும் திராட்சத்தோட்ட உவமை மற்றொரு சான்று. தோட்டம், வேலையாள், கூலி, எசமான், காரியக்காரன் என அதன் சொற்கள் அனைத்தும் மாத்தளைத் தொழிலாளிக்கு விளக்கம் வேண்டாதவை. நாள் முழுதும் உழைத்தவனும் ஒரு மணிநேரமே உழைத்தவனும் ஒரே கூலி பெறுகின்றனர். முந்தி வந்தவர் முறுமுறுக்கின்றனர். துரையின் பங்களாவிலிருந்து வாசித்தால், தன் பொருளைத் தன் விருப்பப்படி வழங்க எசமானுக்குள்ள உரிமையே உவமையின் கருத்தாகத் தோன்றும். பெரட்டுக்களத்திலிருந்து வாசித்தால் வேறொன்று தெரியும். அழைப்பார் இல்லாமையால் மாலைவரை சந்தைவெளியில் நின்றவனுக்கும் அரைப்பேர் போடப்படவில்லை. அவனுக்கும் முழுப்பேரே கிடைத்தது. ஒரு குடும்பம் ஒரு நாள் உயிர்வாழத் தேவையானது எவ்வளவோ அவ்வளவே கூலியின் அளவு என்பது அவ்வாசிப்பின் முடிபு. ஒரே பனுவலிலிருந்து இரு வாசிப்புக்கள் எழுகின்றன. வாசிப்போன் நிற்கும் இடமே அவற்றைத் தீர்மானிக்கிறது.

மிஷன் ஊழியத்தின் பயனை முற்றாக மறுப்பது வரலாற்றுக்கு நேர்மை செய்வதாகாது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த தொடக்கமுயற்சிகளில் அதற்குப் பங்குண்டு. வேதம் வாசிக்கக் கற்றவன் துண்டையும் வாசிக்கக்கூடும் என்பது, துரைமார் நன்கொடை அளித்தபோது எண்ணிப்பார்த்திராத விளைவாக இருத்தல் கூடும்.

இதே காலப்பகுதியில் எழுந்த கோப்பிக் கிருஷிக் கும்மி ஒப்புநோக்கத்தக்கது. ஆபிரகாம் யோசேப்பு இயற்றிய இந்நூல் 1869இல் வெளிவந்தது. கும்மி என்னும் மக்கள் வடிவத்தைக் கொண்டு கோப்பிப் பயிர்ச்செய்கையைப் பாடுவது அதன் நோக்கம். மலையகத் தமிழிலக்கியத்தின் தொடக்கநூல்களுள் ஒன்றாக அது கருதப்படுகிறது. பெண்கள் வட்டமிட்டுக் கைகொட்டிப் பாடும் வடிவம், இங்கே பயிர்த்தொழில் போதிக்கும் கருவியாகிறது. மக்கள் வடிவத்தை எடுத்துக்கொள்வதால் மட்டும் மக்கள் நோக்கு கைவந்துவிடாது என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு. கோப்பி இலைகளை அழித்த நோய் இலங்கையில் முதன்முதல் அவதானிக்கப்பட்டதும் அதே 1869ஆம் ஆண்டிலேதான். அடுத்த இருபதாண்டுகளுக்குள் கோப்பி வீழ்ந்தது. பாடியோர் பாட்டுடைப் பொருளை இழந்தனர். தொழிலாளரோ தேயிலைக்கு மாற்றப்பட்டனர்.

4

திருநெல்வேலி உபதேசியார்களைத் தந்தது போலவே, கிறிஸ்தவத் தமிழின் பெருங்காப்பியத்தையும் தந்தது. எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1827இல் அம்மாவட்டத்தில் வைணவ வேளாளர் குடும்பத்திற் பிறந்தவர். 1858இல் திருமுழுக்குப் பெற்றவர். ஜோன் பனியனின் பயண உருவகக் கதையைத் தழுவி அவர் இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் நூலுருப் பெற்றது. அழிவுக்குரிய நகரை விட்டு இறைவனின் அழைப்பை ஏற்றுப் புறப்படும் ஒருவனின் பயணமே அதன் கதை. ஆன்ம உணவும் அழைப்பும் இதனிலும் விரிவாகத் தமிழில் பாடப்பட்டதில்லை என்று துணிந்து கூறலாம்.

அக்காவியம் வெளிவந்த தசாப்தத்திலும் மன்னாரிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் வடபாதையில் மக்கள் நடந்துகொண்டிருந்தனர். ஒரே மொழியினரின் இரு பயணங்களை இங்கே நாம் அருகருகே வைத்து நோக்குகிறோம். காவிய யாத்திரிகன் முதுகிற் சுமை உண்டு. அது அவனது பாவச்சுமை. தொழிலாளியும் சுமையோடு வந்தான். அது கங்காணி எழுதிய கடன்சுமை. முன்னவன் சுமை சிலுவையடியில் கழன்று விழுகிறது. பின்னவன் சுமை தோட்டத்தை அடைந்தபின் பெருகியது. முன்னவன் வீட்டையும் சுற்றத்தையும் விட்டுத் தனியனாய் ஓடுகிறான். பின்னவன் மனைவி மக்களோடும் ஊராரோடும் கூட்டமாக வந்தான்; வழியில் அவர்களுட் சிலரைப் புதைத்துவிட்டும் வந்தான். முன்னவனுக்கு இடைவழியில் அரண்மனை விருந்து கிடைக்கிறது. பின்னவனுக்குக் கிடைத்தது வழித்தங்கலிற் காய்ச்சிய கஞ்சி.

இவ்வேறுபாட்டைக் காட்டிக் கிருஷ்ணபிள்ளையைக் குறைகூறுவது நமது கருத்தன்று. அவர் மலைநாட்டைப் பாட முற்பட்டவரல்லர். கம்பனில் தோய்ந்த அவரது விருத்தங்களின் ஓசைநயமும், இடையிடையே அமைந்த தேவாரங்களின் உருக்கமும் தமிழ்க் கவிதைக்கு நிலைத்த பேறுகள். தேவாலயங்களில் இன்றும் பாடப்படுவன அவ்வெளிய பாடல்களே. காவியத்தின் விருத்தங்கள் புலவரை அடைந்தன. தேவாரங்கள் மக்களை அடைந்தன.

நாம் வற்புறுத்த விரும்புவது வேறொன்று. பனியன் பாத்திரங்களுக்கு ஈயம் பூசி வாழ்ந்தவர். அரச சபையின் அனுமதியின்றிப் பிரசங்கித்தமைக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிருந்தவர். 1678இல் வெளிவந்த அவரது நூல், இங்கிலாந்தின் எளிய மக்களது பேச்சுமொழியில் அமைந்தது. அதிகாரத்தை நோக்கிக் கீழிருந்து எழுந்த அக்குரல், தமிழில் நுழைந்தபோது காவிய மரபின் உயரத்திற்கு ஏற்றப்பட்டது. அவ்வேற்றத்தால் அது தமிழ்ப் புலவர் அவையில் இடம்பெற்றது. அதே ஏற்றத்தால் மாத்தளை லயத்திலிருந்து தொலைவாகியது. அழைப்புக்கு விடையிறுத்துப் புறப்படும் மனிதன் யார் என்னும் வினாவுக்கு, அவன் ஒரு கூலியாளாகவும் இருக்கலாம் என்னும் விடை தமிழ்க் காவியத்தில் இடம்பெறவில்லை.

5

அவ்விடை ஏட்டிலன்றி வரலாற்றில் உண்டு. அதுவும் மாத்தளை மாவட்டத்தோடு தொடர்புடையது. கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகளார் 1687இல், கத்தோலிக்கத்தை ஒல்லாந்தர் தடைசெய்திருந்த காலத்தில், கூலியாள் கோலத்தில் இலங்கைக்கு வந்தார். தமிழ் பயின்று யாழ்ப்பாணப் பகுதியில் மறைவாக ஊழியம் செய்தார். 1692இல் கண்டி இராச்சியத்தில் நுழைந்தபோது போர்த்துக்கேயரின் ஒற்றர் என்னும் ஐயத்தின்பேரில் சிறைவைக்கப்பட்டார். பின்னர் அரசனின் நன்மதிப்பைப் பெற்றார். 1711இல் மறைந்த அவரை 2015ஆம் ஆண்டு சனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பிற் புனிதராகப் பிரகடனஞ் செய்தார். அவருக்குப் பின் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் நூல்களை இயற்றி, 1742இல் மறையும்வரை இவ்வூழியத்திற்கு எழுத்துவடிவம் கொடுத்தார்.

மாத்தளை மாவட்டத்தின் வடபுறத்திலே, கலேவெலைக்கு அண்மையில் வஹக்கோட்டை என்னும் கிராமம் உள்ளது. கண்டி அரசர் காலத்திற் சிறைப்பட்ட போர்த்துக்கேய வீரரின் வழிவந்தோர் அங்கே குடியேற்றப்பட்டனர் என்பது மரபு. அக்கிராமத்தவர் சிங்களம் பேசுவோர். கண்டி இராச்சியத்திலிருந்து குருமார் வெளியேற்றப்பட்ட பின், நெடுங்காலம் குரு இன்றியே அவர்கள் தம் விசுவாசத்தைப் பேணினர். இன்று அங்குள்ள புனித அந்தோனியார் திருத்தலத்துக்குச் சிங்களவரும் தமிழரும் யாத்திரை செல்கின்றனர்.

குரு இல்லாத இடத்தில் ஆன்ம உணவை வழங்கியவர் யார்? அடிகளார் காலத்தில் வலுப்பெற்ற பொதுநிலையினர் அமைப்பே இதற்கு விடை. ஒவ்வோரிடத்திலும் சபைக்கு மூப்பர் ஒருவர் இருந்தார். செபங்களைக் கற்பித்து வழிபாட்டை நடத்த அண்ணாவியார் ஒருவர் இருந்தார். இவர்கள் ஊருக்குள் வாழ்ந்த குடியானவர்; உழுதும் தொழில் செய்தும் உண்டவர். மூப்பர், அண்ணாவி என்னும் இத்தமிழ்ச் சொற்கள் சிங்களக் கத்தோலிக்கரின் வழக்கிலும் புகுந்து நிலைத்துள்ளமை, மொழியுறவு பற்றி ஆராய்வோர் கருத்திற்கொள்ள வேண்டிய செய்தியாகும். இரு இனத்தவரின் செபங்களையும் ஒரே பதவிப் பெயர் தாங்கியோர் வழிநடத்தினர்.

பிற்காலக் கத்தோலிக்கத் தமிழில் 'தேவ அழைத்தல்' என்பது குருத்துவத்திற்கும் துறவறத்திற்கும் உரிய சிறப்புச்சொல்லாகப் பெருவழக்குப் பெற்றது. அழைக்கப்படுவோர் சிலர், ஏனையோர் அவர்களால் உண்பிக்கப்படுவோர் என்னும் பிரிவு அச்சொல்லினுள்ளேயே அமைந்துவிட்டது. வஹக்கோட்டையின் வரலாறு இப்பிரிவுக்கு முந்திய ஒரு நிலையை நினைவூட்டுகிறது. அங்கே அழைப்பு ஊர் முழுவதற்கும் உரியதாக இருந்தது. உண்பித்தவரும் உண்டவரும் ஒரே பந்தியில் இருந்தனர். தமிழ்க் கூலிமிஷனின் உபதேசியாரையும் பழைய அண்ணாவியாரையும் ஒப்பிட்டால் வேறுபாடு புலனாகும். முன்னவர் வெளியிலிருந்து அனுப்பப்பட்டவர்; பின்னவர் ஊர் தன்னுள்ளிருந்து எழுப்பிக்கொண்டவர்.

6

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றோராக்கியது. 1964இல் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கைகளாகப் பிரித்து இரு அரசுகளுக்கிடையே பங்கிட்டது. ஒரு நூற்றாண்டுக்கு முன் கங்காணி விடுத்த அழைப்புக்கு எதிர்த்திசையில் மற்றொரு அழைப்பு எழுந்தது. கப்பலேறும்படி அவர்கள் அழைக்கப்பட்டனர். 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாடு, சொந்த நிலமற்ற தோட்ட மக்களையே மிகக் கடுமையாகத் தாக்கியது. பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் மாத்தளையையும் விட்டுவைக்கவில்லை. 1983இல் முத்துமாரியம்மன் கோயிலின் தேர்களும் தீக்கிரையாயின.

இக்காலத்திலேதான் இலங்கைக் கிறிஸ்தவச் சிந்தனையில் ஒரு திருப்பம் நிகழ்ந்தது. இயேசுசபைத் துறவியாகிய போல் கஸ்பேர்ஸ் அடிகளார் 1972இற் கண்டியில் சத்தியோதய நிலையத்தை நிறுவினார். சிங்களவரும் தமிழரும் ஒருங்கு வாழ்ந்து, தோட்ட மக்களின் நிலைபற்றி ஆராய்ந்தும் செயற்பட்டும் வந்த நிலையம் அது. அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த திஸ்ஸ பாலசூரிய அடிகளார் 1970களின் பிற்பகுதியில், நற்கருணையையும் மனித விடுதலையையும் இணைத்து ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். கிறிஸ்தவர்கள் வாரந்தோறும் ஒரே அப்பத்தைப் பகிர்ந்துண்டும், அவர்களது சமூகம் உணவைப் பகிராமல் இருப்பதெப்படி என்பதே அந்நூலின் அடிப்படை வினா. 1997இல் அவர் வேறொரு நூலின் பொருட்டுச் சபைநீக்கம் செய்யப்பட்டதும், அடுத்த ஆண்டில் மீளச் சேர்க்கப்பட்டதும் பலரறிந்தவை. ஆன்ம உணவு பற்றிய பேச்சு, உணவு பற்றிய பேச்சினின்றும் பிரிக்கப்படலாகாது என்பதை இவ்விருவரும் தத்தம் வழியில் நிறுவினர்.

இவ்விடத்து இரு எதிர்ப்புக்கள் எழக்கூடும். பக்தர் ஒருவர், ஆன்மிகத்தை நாம் வயிற்றளவுக்குச் சுருக்குகிறோம் என்பார். மனிதன் உணவினால் மட்டும் வாழ்வதில்லை என்பதை நாம் அறிவோம். எல்லாம் பறிபோன நிலையிலும் லயத்து அறையில் விளக்கேற்றிச் செபித்த தாயின் உள்ளத்திற்குக் கிடைத்த திடம், பொருளியற் கணக்கில் அடங்காதது. அத்திடத்தை மெய்யென்று மதிப்பதனாலேயே, அதனைப் பசிக்கு மாற்றாக வழங்கும் போதனையை நாம் ஏற்க மறுக்கிறோம். பசித்தவனை மௌனமாக்கப் பயன்படும்போது ஆன்ம உணவு தன் பெயருக்கும் தகுதியற்றதாகிறது.

மற்றைய எதிர்ப்பு முற்போக்கு நண்பர்களிடமிருந்து வரும். சமயம் மக்களை மயக்கும் அபினி. அதன் சொற்களை ஆராய்வது வீண் என்பர். சமயத்தை அபினி என்ற மார்க்சே, அதே பந்தியில் அதனை ஒடுக்கப்பட்ட உயிரின் பெருமூச்சாகவும் கண்டார் என்பதை அவர்கள் மறந்துவிடுதலாகாது. பெருமூச்சில் மொழி உண்டு. திராட்சத்தோட்ட உவமையைக் கேட்ட ஒரு தொழிலாளி, முழுப்பேருக்குத் தனக்குள்ள உரிமையை அதில் இனங்காண முடியும். அவ்வாறு இனங்காணும் ஆற்றலை மறுக்கும் விமர்சனம், துரையின் வாசிப்பே சரியான வாசிப்பு என்று மறைமுகமாக ஒப்புக்கொள்கிறது. நாம் அத்தவறுக்கு இடங்கொடுக்கலாகாது.

7

இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது. சட்டத்தின் ஏட்டிற் பெயர் ஏறியது. நிலம், வீடு, கூலி ஆகியன பற்றிய வினாக்கள் தீரவில்லை. 2023ஆம் ஆண்டு, தம் முன்னோரின் வருகைக்கு இருநூறாண்டு நிறைவெய்தியதை முன்னிட்டு, மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தனர். சூலை 28இல் தொடங்கிய நடைபயணம் பதினாறாம் நாளாகிய ஆகத்து 12இல் மாத்தளையில் நிறைவுற்றது. பல சமயத்தவரும் இனத்தவரும் அதில் இணைந்தனர். கங்காணி அழைத்த பாதையில், எவரும் அழைக்காமலே, தம் சொந்தக் கோரிக்கைகளோடு மக்கள் நடந்தமை அதன் தனிச்சிறப்பு. நிலவுரிமையும் நியாயமான ஊதியமும் சமத்துவக் குடியுரிமையும் அக்கோரிக்கைகளுள் முதன்மை பெற்றன. இரட்சணிய யாத்திரிகத்தில் இடம்பெறாத கூலியாள், இங்கே யாத்திரிகனாகத் தன்னைத் தானே எழுதிக்கொண்டான் எனலாம்.

நாம் இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், கிறிஸ்தவத் தமிழை மதிப்பிடுதற்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. அழைப்பைப் பற்றிப் பேசும் ஒரு பனுவல், அழைப்பவர் அழைக்கப்படுவோரின் பசியை அறிந்தவரா என்னும் வினாவுக்கு விடைகூற வேண்டும். உணவைப் பற்றிப் பேசும் ஒரு பனுவல், பந்தியில் எவருக்கு இடமுண்டு என்னும் வினாவுக்கு விடைகூற வேண்டும். இவ்விரண்டு வினாக்களையும் தாங்கக்கூடிய பனுவல்கள் தமிழில் இல்லாமலில்லை. அவற்றைத் தேடவேண்டிய இடங்கள் மாறவேண்டும். காவியங்களோடு உபதேசியார்களின் நாட்குறிப்புக்களும், மிஷன் அறிக்கைகளும், அண்ணாவியார் மரபிற் கைமாறி வந்த செபங்களும், தோட்டத்துச் சிற்றாலயங்களில் பாடப்படும் பாமர கீர்த்தனங்களும் ஆய்வுக்கு உட்படுத்தப்பட வேண்டும். வாய்மொழியாக உள்ளவற்றைப் பதிவுசெய்யும் பணி தாமதத்தைத் தாங்காது. அவற்றை அறிந்த முதியோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர்.

இப்பணி கிறிஸ்தவருக்கு மட்டும் உரியதன்று. மாரியம்மன் தாலாட்டும் அந்தோனியார் மன்றாட்டும் ஒரே லயத்தின் இரு அறைகளிலிருந்து எழுந்தவை. ஒரே தப்பின் முழக்கத்திற்கு விழித்தவர்களின் குரல்கள் அவை. மலையகத் தமிழரின் ஆன்மிக வரலாறு எழுதப்படும்போது, பெரட்டுக்களத்து ஏட்டில் அரைப்பேராகக் குறிக்கப்பட்டவர்கள் அதில் முழுப்பெயரோடு இடம்பெறுதல் வேண்டும். அவ்வரலாற்றை எழுதுவது பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்களின் கடன்.